தேன் தடவிய எழுத்து

யோசிக்கும் வயசு வருவதற்கு முன்பே ஒரு பிள்ளையின் மனசை ஒரு சமயத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவது நியாயமா? பெற்றோருக்கு அந்த உரிமை இருக்கிறதா?

பல்கலைக்கழகத்தில் எந்தத் துறை மாணவராக இருந்தாலும் ஒரு தத்துவப் பாடம் எடுத்தே ஆகவேண்டும். அந்தப் பாடத்தில் எங்கள் குழுவுக்கு வந்த கேள்வி இது. நாங்கள் நாலு பேரும் இயந்திரப் பொறியியல். விசை, வெப்பம், அழுத்தம் என்றால் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவோம். இதை எப்படிக் கணக்குப் போடுவது? ஏதாவது ஒரு சமூகத்தை எடுத்துக்கொண்டு, அவர்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றார் விரிவுரையாளர். நாங்கள் யூதர்களை எடுத்தோம். காரணம் சாதாரணம்தான். ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு மேல் சொந்த அரசு இல்லாமல் நாடு நாடாகச் சிதறிக் கிடந்தும், ஒரு மக்கள் தங்கள் மறையையும் பழக்கங்களையும் விடாமல் வைத்திருந்தார்கள் என்றால், அவர்கள் வீட்டில் ஏதோ ஒன்று சரியாக நடந்திருக்க வேண்டும்.

யூதர் என்றதும் நம் ஊரில் பேச்சு உடனே அரசியலுக்குப் போய்விடும். காஸாவைப் பற்றி எனக்கும் கோபமும் வருத்தமும் உண்டு. ஆனால் ஒரு அரசாங்கம் செய்வது வேறு, ஒரு மக்களின் வீட்டுப் பாடம் வேறு. அதோடு இவர்கள் நமக்கு அவ்வளவு தூரத்து ஆட்களும் இல்லை. சிங்கப்பூர் வாட்டர்லூ சாலையில் இருக்கும் கிருஷ்ணன் கோயிலுக்குப் போனவர்கள், அதே சாலையில் 1878இல் கட்டப்பட்ட மகெய்ன் அபோத் என்ற யூத ஜெபக்கூடத்தைக் கடந்தும் போயிருப்பீர்கள். 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் ஒரு யூதர். பினாங்கில் அவர்களுடைய பழைய இடுகாடு இன்னும் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

யூதர்களின் பெரிய வகுப்பறை பள்ளிக்கூடத்தில் இல்லை, சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை பாஸ்கா பண்டிகையின் இரவில் குடும்பமே மேசையைச் சுற்றி உட்காரும். எகிப்தில் அடிமைகளாக இருந்த தங்கள் முன்னோர்கள் விடுதலையான கதையைச் சொல்லவேண்டும். அதற்கு ஒரு புத்தகமும் உண்டு. ஆனால் கதையை வெறுமனே வாசித்தால் போதாது, அதைத் தின்னவேண்டும். அவசரமாகக் கிளம்பியதால் மாவு புளிக்க நேரமில்லை, அதனால் புளிக்காத ரொட்டி. அடிமை வாழ்க்கை கசந்ததால் கசப்புக் கீரை. கண்ணீருக்காக உப்புத் தண்ணீர். செங்கல் அடுக்கிய சாந்தை நினைத்து ஆப்பிளும் பருப்பும் திராட்சை மதுவும் சேர்த்துப் பிசைந்த ஒரு கலவை. (சாந்தை நினைத்து இனிப்புச் செய்து சாப்பிடும் கூட்டம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும் என்று கட்டடப் பொறியியல் படிக்கும் என் தோழி ஒருத்தி சொன்னாள்.)

இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. கதையைத் தொடங்கி வைப்பவர் தாத்தா இல்லை, குருவும் இல்லை. அந்த மேசையில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளை. இந்த இரவு மட்டும் ஏன் மற்ற இரவுகளைப் போல இல்லை என்று அது கேட்கவேண்டும். கேட்ட பிறகுதான் பெரியவர்கள் பதில் சொல்லத் தொடங்குவார்கள். சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற நூலிலேயே இந்த ஏற்பாடு இருக்கிறது. பிள்ளைக்குக் கேட்கத் தெரியாவிட்டால் அப்பா கேள்வியையே சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். பதிலும் பிள்ளையின் புத்திக்குத் தக்கபடி இருக்கவேண்டும். அன்றைக்கு ரொட்டியில் ஒரு துண்டை ஒளித்துவைப்பதும், பிள்ளைகள் அதைத் தேடிப் பிடித்துப் பரிசு கேட்டுப் பேரம் பேசுவதும் வழக்கம். பிள்ளைகள் தூங்கிவிடாமல் இருக்க இதெல்லாம் ஒரு தந்திரம்.

அந்த இரவுப் புத்தகத்தில் நாலு விதமான பிள்ளைகளைப் பற்றி வரும். ஒருவன் அறிவாளி, ஒருவன் பொல்லாதவன், ஒருவன் வெகுளி, ஒருவனுக்குக் கேட்கவே தெரியாது. பொல்லாதவன் என்ன செய்கிறான்? இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று, தான் வெளியே நிற்கிற மாதிரி கேட்கிறான். அவனுக்குப் புத்தகம் தரும் பதில் கடுமையானது. எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் கவனித்துப் பாருங்கள், அவனுக்கும் மேசையில் ஒரு நாற்காலி இருக்கிறது. அவன் கேள்வி ஒவ்வொரு வருஷமும் சத்தமாக வாசிக்கப்படுகிறது.

இது பண்டிகை இரவு. பிள்ளை முதன்முதலில் எழுத்துப் படிக்கப் போகும் நாளும் இதே மாதிரிதான். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மனிப் பகுதியில் வாழ்ந்த யூதர்களிடம் ஒரு சடங்கு இருந்தது. வோர்ம்ஸ் நகரத்து எலாசார் என்ற ரபி அதை எழுதி வைத்திருக்கிறார். ஐந்தாறு வயசுப் பிள்ளையைத் துணியால் போர்த்தித் தூக்கிக்கொண்டு போய் ஆசிரியரின் மடியில் உட்கார வைப்பார்கள். பலகையில் எபிரேய எழுத்துகள் இருக்கும். ஆசிரியர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, பிள்ளை திருப்பிச் சொல்லும். பிறகு அந்த எழுத்துகளின் மேல் தேனைத் தடவுவார்கள். பிள்ளை அதை நக்கவேண்டும். மறை வாசகம் எழுதிய பணியாரமும் அவித்த முட்டையும் தின்னக் கொடுப்பார்கள்.

விஜயதசமி அன்று தட்டில் அரிசியைப் பரப்பி விரலைப் பிடித்து எழுத வைத்த நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். அப்பாவின் மடி, கையைச் சுற்றிய பெரிய கை, நகக்கண்ணில் ஒட்டிய அரிசி மாவு. என்ன எழுத்து எழுதினோம் என்பது மறந்திருக்கும், அந்தக் கை மறக்காது.

எங்கள் குழுவில் சமயம் எதுவும் இல்லாத ஒரு சீன நண்பன் உண்டு. தேன் கதையைக் கேட்டதும் அவன், "இது லஞ்சம். கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் மூளைச்சலவை" என்றான். அவன் சொன்னது லேசில் தள்ளிவிடக்கூடியது இல்லை. ஒரு பிள்ளை எழுத்து வேண்டும் என்று நக்கவில்லை, தேன் வேண்டும் என்றுதான் நக்குகிறது. பெரியவர்கள் தங்களுக்கு வேண்டியதை அதன் நாக்கு வழியாக உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அது வளர்ந்து யோசிக்கும்போது, இந்த அன்பு என்னுடையதா, இல்லை எனக்குள் யாரோ வைத்ததா என்று எப்படித் தெரியும்?

அவனுக்கு ஆதரவாக நாங்கள் கண்டுபிடித்த ஆள் யார் தெரியுமா? யூதர்களின் மாபெரும் தத்துவஞானியும் மருத்துவருமான மைமோனிடிஸ்! 1204இல் எகிப்தில் இறந்தவர். மிஷ்னாவுக்கு அவர் எழுதிய உரையில் இதைப் பற்றிப் பேசுகிறார். சின்னப் பிள்ளையைப் படிக்க வைக்க ஆசிரியர் முதலில் கொட்டைப் பருப்பு, அத்திப்பழம், தேன் தருவதாகச் சொல்வார். கொஞ்சம் வளர்ந்ததும் அது எடுபடாது, நல்ல செருப்பும் துணியும் தருவதாகச் சொல்லவேண்டும். அப்புறம் காசு. அப்புறம், படித்தால் நீ பெரிய ரபி ஆவாய், ஊரே எழுந்து நிற்கும் என்ற ஆசை. இது எல்லாமே கீழான வழிதான் என்கிறார் அவர். மனித புத்தி சின்னது, அதனால் வேறு வழியில்லை. ஆனால் போய்ச் சேரவேண்டிய இடம், உண்மையை அது உண்மை என்பதற்காகவே தேடுவது. அதைப் படித்தபோது எஸ்.பி.எம்.முக்கு எத்தனை 'ஏ' எடுத்தால் எந்தக் கைப்பேசி என்று நம் வீடுகளில் நடக்கும் பேரம்தான் ஞாபகம் வந்தது. எண்ணூறு வருஷமாக ஒன்றும் மாறவில்லை.

மைமோனிடிஸுடைய மனசு ஒரு தத்துவஞானியின் மனசு. தேன் அவருக்கு ஏணி, ஏறினதும் எட்டி உதைத்துவிடலாம். வோர்ம்ஸ் நகரத்துக்காரர்கள் அப்படி நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் தேனைப் பாடம் முடிந்ததும் தனிக் கிண்ணத்தில் தரவில்லை. எழுத்தின் மேலேயே தடவினார்கள். இரண்டும் ஒன்று மாதிரித் தெரிந்தாலும் ஒன்று இல்லை. படித்து முடித்தால் மைலோ வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் பிள்ளை மைலோவைத்தான் விரும்பக் கற்றுக்கொள்ளும். எழுத்தே இனிக்கும்போது எழுத்தை விரும்பக் கற்றுக்கொள்ளும். உணர்ச்சி இங்கே கூலி இல்லை, பாடத்திலேயே ஒரு பகுதி. இது என் வாதம். நண்பன் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "லஞ்சத்தையே தாளில் தடவிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதானே?" என்றான்.

அவனுக்கு நான் சொன்ன பதில், பிள்ளையின் மனசை யாரும் கட்டாமல் வெறுமனே விட்டுவைக்க முடியாது என்பது. வீடு கட்டாவிட்டால் தெரு கட்டும், கைப்பேசி கட்டும். இதற்கு போலந்து நாட்டில் ஒரு சாட்சி உண்டு. கிராக்கோவ் நகரத்தில் சாரா ஷெனிரர் என்று ஒரு தையல்காரப் பெண் இருந்தார். அந்தக் காலத்தில் யூத ஆண் பிள்ளைகளுக்குத்தான் சமயப் பள்ளி. பெண் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிக்குப் போய் போலிஷ் கவிதையும் நாடகமும் படித்தார்கள். அவர்களுடைய கண்ணீர், காதல், கனவு எல்லாம் அந்த மொழியில் வளர்ந்தது. வீட்டுச் சமயம் அவர்களுக்கு வெறும் செய்யாதே, தொடாதே பட்டியலாக மிஞ்சியது. பண்டிகைக்கு ஆண்கள் தங்கள் குருவைப் பார்க்கப் பயணம் போய்விடுவார்கள். அங்கே பாட்டு, ஆட்டம், கண்ணீர். பெண்களுக்கு வீட்டில் வெறும் பண்டிகை. பெண்கள் அளவெடுத்து அளவெடுத்து உடம்புக்கு உடை தைத்துக்கொள்கிறார்கள், உயிருக்கு என்ன உடை என்று அந்தத் தையல்காரர் யோசித்தார். 1917இல் 25 பெண் பிள்ளைகளோடு ஒரு பள்ளி தொடங்கினார். பாடத்தோடு பாட்டு, அவரே எழுதிய நாடகம், மலைக்கு நடைப்பயணம் எல்லாம் சேர்ந்தே வந்தன. 1935இல் அவர் இறப்பதற்குள் அது நூற்றுக்கணக்கான பள்ளிகளாகப் பெருகியது. அந்தப் பெண்களுக்கு என்ன செய்யவேண்டும் என்ற விதி முன்பே தெரியும். அதை நேசிக்க ஒரு காரணம்தான் இல்லாமல் இருந்தது.

இங்கே என் கதை ஒன்றையும் சொல்லவேண்டும். ஒன்பது வயசில் சமய வகுப்பில் சிவபுராணம் மனப்பாடம் செய்தேன். 95 அடி. பொருள் கேட்டபோது, "கேள்வி கேட்காதே, முதல்ல பாடு" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார் சொல்லிக்கொடுத்தவர். ரொம்ப நாள் எனக்கு அதில் கோபம். பிறகு நான் படிவம் மூன்றில் இருந்தபோது பாட்டி இறந்தார். கூடத்தில் உடல் கிடக்கிறது, பாட வரவேண்டியவர் வழியில் மாட்டிக்கொண்டார், எல்லாரும் எங்களைப் பார்க்கிறார்கள். நானும் சித்தப்பா மகனும் பாடினோம். ஒரு அடி கூட மறக்கவில்லை. அழுகை வந்தபோது வாய் தானாகப் பாடிக்கொண்டே போனது. அழுகைக்கு ஒரு பாதை போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. பொருள் தெரியாமல் போட்ட விதைதான் அன்றைக்குக் கை கொடுத்தது.

அப்படியென்றால் கேள்வி கேட்காதே என்று சொன்னவர் சொன்னது சரிதானா? பாடச் சொன்னது சரி என்று இப்போது நினைக்கிறேன். வாயை மூடச் சொன்னது இன்னும் சரி இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு இந்த யூத விஷயம்தான் உதவியது. அவர்களும் புரிவதற்கு முன்பே உணர்ச்சியைக் கொடுக்கிறார்கள், கூச்சமே இல்லாமல். ஆனால் அதே கையால் கேள்வியையும் கொடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி இல்லாத உணர்ச்சி எங்கே போகும் என்பதற்கும் அவர்களிடமிருந்தே ஒரு எச்சரிக்கை உண்டு. யெகுதா எல்கானா என்பவர் 1934இல் பிறந்தவர். பத்து வயசில் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு உயிர் தப்பியவர். பிறகு இஸ்ரேலில் அறிவியல் வரலாற்றுப் பேராசிரியர் ஆனார். 1988 மார்ச்சில் ஒரு இஸ்ரேலிய நாளிதழில் அவர் எழுதிய கட்டுரை பெரிய சலசலப்பை உண்டாக்கியது. யூதப் படுகொலையின் நினைவிடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறோமே, அந்தப் படங்களைப் பார்த்த பிள்ளை அதை வைத்து என்ன செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம் என்று கேட்டார். உலகம் முழுக்க நமக்கு எதிரி, நாம் என்றைக்கும் பலியாட்கள் என்ற பயத்தை வளர்த்தால் அது நாளைக்கு வெறுப்பாகத்தான் முளைக்கும் என்பது அவர் கவலை. மறக்கக் கற்றுக்கொள்வோம் என்றார். முகாமில் இருந்த ஒருவர் சொல்கிறார்! அவரை மறுத்தவர்கள் நிறைய. மறந்துவிட்டால் இறந்தவர்களுக்கு யார் சாட்சி என்று அவர்கள் கேட்டது பொய்யான கேள்வி இல்லை. இன்றைய செய்திகளைப் பார்க்கும்போது எனக்கு எல்கானாவின் பக்கம்தான் மனசு போகிறது.

அதற்காகப் பிள்ளைகளுக்குத் துக்கமே காட்டக்கூடாது என்று சொல்லமாட்டேன். வார்சா நகரத்தில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் யூத அனாதைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தினார். நாஜிகள் அவர்களை மதிலுக்குள் அடைத்து வைத்திருந்த நேரத்தில், 1942 ஜூலை 18ஆம் தேதி, அந்தப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். நம் தாகூர் எழுதிய 'அஞ்சலகம்'. நோயால் அறைக்குள் அடைபட்ட சின்னப் பையன் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ராஜாவின் கடிதத்துக்காகக் காத்திருந்து, கடைசியில் அமைதியாகத் தூங்கிப் போகும் கதை. வங்காளத்தில் எழுதியது, வார்சாவில் சாவை எதிர்நோக்கியிருந்த யூதப் பிள்ளைகளுக்குப் பொருந்தியது. மூன்று வாரத்துக்குள் சுமார் 200 பிள்ளைகளோடு கோர்ச்சாக்கும் திரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அவர் அந்தப் பிள்ளைகளுக்குச் சாவைப் பற்றிப் பொய் சொல்லவில்லை, யாரையும் வெறுக்கவும் கற்றுக்கொடுக்கவில்லை. துக்கத்தைத் தாங்க ஒரு உருவம் கொடுத்தார்.

இனி மறுபடி அந்தச் சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன், ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தேன். எகிப்தியர்கள் மேல் விழுந்த பத்து வாதைகளின் பெயர்களைச் சொல்லும்போது, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சொட்டு மதுவைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். பல குடும்பங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லும் விளக்கம் இது: நம் விடுதலைக்காக எகிப்தியர்கள் வேதனைப்பட்டார்கள், அதனால் நம் சந்தோஷக் கிண்ணம் நிறைந்து இருக்கக்கூடாது. வெற்றிக் கதையைச் சொல்லும் இரவிலேயே பத்து சொட்டு குறைகிறது. இதை ஐந்து வயசுப் பிள்ளை தன் விரலால் செய்கிறது. எதிரிக்கும் வலிக்கும் என்பதை எந்தப் பாடப் புத்தகம் இவ்வளவு சுலபமாகச் சொல்லும்?

உணர்ச்சி என்றால் பண்டிகையும் கண்ணீரும் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் சண்டையையும் அன்பாகப் பார்க்கிறார்கள். மறைப் பள்ளிகளில் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்து மறுத்துப் படிப்பதுதான் வழக்கம். நம் நூலகத்தில் அப்படிப் படித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள், அவ்வளவு இரைச்சல். தல்மூதில் ஒரு கதை வருகிறது. யோகனான் என்ற ரபியும், முன்பு கொள்ளைக்காரனாக இருந்து திருந்திய ரேஷ் லாகிஷும் படிப்புத் துணைவர்கள். ஒரு நாள் வாதத்தில் யோகனான் பழைய தொழிலைக் குத்திக் காட்டிவிட்டார். மனம் உடைந்த ரேஷ் லாகிஷ் நோய்வாய்ப்பட்டு இறந்தும்போனார். யோகனான் துக்கத்தில் சுருண்டு கிடந்தார். அவரைத் தேற்ற வேறொரு அறிஞரை அனுப்பினார்கள். அவர் யோகனான் எதைச் சொன்னாலும், உங்கள் கருத்துக்கு இதோ ஆதாரம் என்று எடுத்துக் கொடுத்தார். யோகனானுக்கு அது பிடிக்கவே இல்லை. நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா? அவன் இருந்தால் 24 மறுப்புச் சொல்வான், நான் 24 பதில் தேடுவேன், அப்படித்தானே விஷயம் விரியும் என்று புலம்பினார். நண்பனின் பெயரைச் சொல்லி அழுதுகொண்டே அலைந்து புத்தி பேதலித்துப் போனார். இந்தக் கதையை எங்கள் குழுவில் சொன்னபோது, மூளைச்சலவை என்ற நண்பன் மட்டும் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கோயில் சமய வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு நான் உதவி செய்கிறேன். பதினோரு பேர். நாயன்மார்கள் எத்தனை என்று கேட்டால் 63 என்று கத்துவார்கள், புதிர்ப்போட்டிக்கு அது போதும். சில மாதமாகப் பாட்டையும் கதையையும் விடாமல், ஒவ்வொரு வகுப்பையும் அவர்கள் கேள்வியிலிருந்து தொடங்கிப் பார்க்கிறோம். முதலில் யாருக்கும் வாய் வரவில்லை. கேட்கத் தெரியாத பிள்ளைக்குக் கேள்வியைச் சொல்லிக்கொடு என்று மிஷ்னாவில் ஏன் எழுதி வைத்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. பெற்றோர் இரண்டு பேர் இதற்கு வருத்தப்பட்டார்கள். கேள்வி கேட்டுப் பழகினால் பிள்ளை நாளைக்குக் கோயிலுக்கே வராது என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. என் வயசு நண்பர்களில் கோயில் பக்கம் வராதவர்களை எண்ணிப் பார்த்தால், கேள்வி கேட்டதால் போனவர்களைவிட, கேட்க இடம் இல்லாமல் போனவர்கள்தான் எனக்கு அதிகம் தெரிகிறார்கள்.

போன வாரம் சூரசம்ஹாரக் கதை. வேல் பாய்ந்தது, மாமரம் பிளந்தது, எல்லாரும் கை தட்டினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த எட்டு வயசுப் பெண் பிள்ளை கையைத் தூக்கினாள். "அக்கா, சூரன் வீட்டுல யாரும் அழலையா?"

சூரன் மயிலாகவும் சேவலாகவும் மாறி முருகனிடமே போய்ச் சேர்ந்தான் என்று சொன்னேன். "அது சரிக்கா. வீட்டுல?" என்றாள்.

அடுத்த வாரம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். கச்சியப்பரின் கந்தபுராணத்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்திருக்கிறேன், வெப்ப இயக்கவியல் புத்தகத்துக்குப் பக்கத்தில். சூரனுக்குப் பதுமகோமளை என்று ஒரு மனைவி இருந்தாள், இரணியன் என்று ஒரு மகன் இருந்தான். அவர்கள் வரும் பகுதியைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.